தண்ணியில விழுந்த போனை அரிசியில இன்னும் எத்தனை நாள் வைக்கணும்?

தம்பி, நீங்க எழுதினதை ஒரு தடவை திருப்பிச் சொல்றேன், நான் சரியா விளங்கிக்கிட்டேனான்னு பாருங்க. வீடு பொகவந்தலாவையில, நீங்க கொழும்புல வேலை. தங்கச்சி பீலியில உடுப்பு துவைக்கிறப்போ அம்மாவோட போன் சவுக்காரத் தண்ணி இருந்த பேசினுக்குள்ள விழுந்துருச்சு. உடனே எடுத்துட்டாங்க, கொஞ்ச நேரம் நல்லா வேலை செஞ்சுது, அம்மா உங்களுக்கு கோல் எடுத்து சொல்லியும் இருக்காங்க, பொறகு ஸ்க்ரீன் கறுப்பாயிருச்சு. அரிசி வாளியில ரெண்டு ராத்திரி பொதைச்சு வச்சு எடுத்து சார்ஜ் போட்டா ஒரு வைப்ரேட் வருது, வெளிச்சம் இல்ல. இன்னும் எத்தனை நாள் அரிசியில வைக்கணும், மாமா சொல்ற மாதிரி அடுப்புக்கு மேல வச்சா சீக்கிரம் காயுமான்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரியில போற போக்குல ஒன்னு எழுதியிருக்கீங்க, தங்கச்சியோட சடங்கு படம் எல்லாம் அந்த போன்லதான் இருக்கு, வேற யாருகிட்டயும் இல்லன்னு. என்னைக் கேட்டா உங்க கேள்வியே அதுதான். போன் பொழைக்குமாங்கிறது வேற, படம் கிடைக்குமாங்கிறது வேற, ரெண்டையும் ஒன்னா போட்டு குழப்பிக்கிறதுனாலதான் பல பேர் ரெண்டையும் விட்டுடுறாங்க.

நான் கொழும்புல கோர்ஸ் படிச்சுட்டு ஹட்டன் டவுன்ல வருசக்கணக்கா போன் பெஞ்சுல உக்காந்திருக்கிறவன். மழைக் காலத்துல வர்ற வேலையில பெரும்பங்கு தண்ணி வேலைதான். அதை வச்சுத்தான் சொல்றேன், போனைத் திறந்து பாக்காம உறுதியா சொல்ல முடியாத விசயமும் இதுல இருக்கு, அதை அங்கங்க சொல்லிடுறேன்.

மொதல்ல இதை வாசிக்கிறதை நிப்பாட்டிட்டு வீட்டுக்கு ஒரு கோல் எடுங்க. இனி யாரும் அதை சார்ஜ்ல போடக்கூடாது, பட்டனை அமத்திப் பாக்கக்கூடாது, அரிசியில இருந்து எடுத்துடணும், அடுப்புக்கு மேல வைக்கவே கூடாது. சிம் தட்டை வெளிய இழுத்துட்டு, சிம்மை தொடைச்சு வேற ஏதாவது போன்ல போடச் சொல்லுங்க, அந்த சிம் ஏன் முக்கியம்னு பின்னால சொல்றேன். தட்டுல மெமரி கார்டு இருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க. சில போன்ல கேமரா படம் கார்டுக்குத்தான் போற மாதிரி செட் பண்ணியிருப்பாங்க, அப்படின்னா உங்க பிரச்சினை இந்த நிமிசமே முடிஞ்சுது, கார்டை காய வச்சு வேற போன்ல போட்டுப் பாத்தா போதும். இன்டர்னல் ஸ்டோரேஜ் மாதிரி ஃபோர்மட் பண்ணின கார்டுன்னா மட்டும் வேற போன்ல வாசிக்காது, அப்போ "ஃபோர்மட் பண்ணவா"ன்னு கேட்டா இல்லன்னு குடுத்துட்டு எடுத்துடுங்க.

ஏன் சார்ஜ் போடக்கூடாதுன்னு சொல்றேன்னா, போனைக் கொல்றது தண்ணி மட்டும் இல்ல, தண்ணி இருக்கிறப்போ ஓடுற கரண்ட். சுத்தமான தண்ணி கரண்டை அவ்வளவா கடத்தாது, ஆனா பீலித் தண்ணியில மண்ணு, உப்புச் சத்து இருக்கும், உங்க கேஸ்ல சவுக்காரமும் சேந்திருக்கு. ஃபுல் சார்ஜ்ல போன் பெட்டரி 4.2 வோல்ட்டுக்கு மேல நிக்கும். தண்ணியை மின்னால பிரிக்கிறதுக்கு 1.23 வோல்ட் போதும்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. அப்போ போனுக்குள்ள இருக்கிற சர்க்கிட் போர்ட் ஈரமா இருந்தா, அதுல பெட்டரி லைனுக்கும் பக்கத்துல இருக்கிற கிரவுண்டுக்கும் நடுவுல என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க, செம்பு கரைஞ்சு ஒரு பக்கத்துல இருந்து மத்தப் பக்கத்துக்கு நகரும், பச்சையா வெள்ளையா பூத்துப் போகும், கடைசியில மயிர் மாதிரி ஒரு உலோகப் பாலம் வளந்து ரெண்டு லைனையும் ஷோர்ட் ஆக்கிடும். போனை ஓஃப் பண்ணினாலும் இது முழுசா நிக்காது, ஏன்னா போனுக்கு கரண்டைப் பிரிச்சுக் குடுக்கிற சிப்பான பவர் ஐசிக்கு பெட்டரி லைன் எப்பவுமே உசிரோடதான் இருக்கும். அதனாலதான் பெட்டரியைக் கழட்டுற வரைக்கும் நேரம் நமக்கு எதிராத்தான் ஓடுது. சார்ஜரை சொருகினா அதுக்கு மேல இன்னும் 5 வோல்ட், ஃபாஸ்ட் சார்ஜர்னா 9 வோல்ட் வரைக்கும் கூட, சார்ஜிங் பின் வழியா உள்ள வரும்.

சவுக்காரம் இன்னொரு கரச்சலும் பண்ணும். சும்மா தண்ணி ஒரு சின்ன இடுக்குல முத்தா நிக்கும், உள்ள போக யோசிக்கும். சவுக்காரம் சேந்தா அந்த இழுவிசை கொறைஞ்சு, பசை ஒட்டின இடம், பட்டன் ஓட்டை, ஸ்பீக்கர் வலை எல்லாத்துக்குள்ளயும் சுலபமா நுழைஞ்சிடும். அதனால ஓடையில ஒரு முக்கு முங்கின போனை விட பேசின்ல விழுந்த போன் எனக்கு சில நேரம் கஷ்டமா இருக்கும்.

அரிசி விசயத்துக்கு வருவோம். இது ஒலகம் பூரா இருக்கிற நம்பிக்கை, எங்க தோட்டத்துப் பக்கம் மட்டும் இல்ல. அரிசி ஈரத்தை இழுக்கும்ங்கிறது பொய் இல்ல, ஆனா அது தன்னைச் சுத்தி இருக்கிற காத்துல இருந்து கொஞ்சம் இழுக்கும், பசை போட்டு மூடின போனுக்குள்ள ஐசிக்கு அடியில மாட்டிக்கிட்ட தண்ணியை வெளிய இழுத்து எடுக்கிற சக்தி அதுக்கு கிடையாது. மேசையில சும்மா வச்சா எவ்வளவு காயுமோ கிட்டத்தட்ட அவ்வளவுதான், சொல்லப்போனா காத்தோட்டம் இல்லாம பொதைச்சு வச்சதுனால கொறையவும் செய்யும். மாவுத் தூசி, குருணை எல்லாம் சார்ஜிங் பின்னுக்குள்ள போய் ஒட்டிக்கும், அதை ஊசியால நோண்டி எடுக்கிறது எங்க தலையெழுத்து. அப்பிள் கம்பனியே 2024ல தன்னோட உதவிப் பக்கத்துல அரிசியில போடாதீங்கன்னு எழுதிட்டாங்க. அப்படின்னா அரிசியில வச்சுப் பொழைச்ச போன் எத்தனையோ இருக்கேன்னு கேப்பீங்க. உண்மை, இருக்கு. ஆனா அந்த ரெண்டு நாளும் யாரும் அதைத் தொடல, ஓன் பண்ணல, சார்ஜ் போடல. பொழைக்க வச்சது அந்த சும்மா இருந்ததுதான், பேரு அரிசிக்குப் போயிருச்சு.

அதோட எங்க ஊரு காலநிலையை மறந்துடாதீங்க. ஹட்டன் கடல் மட்டத்துல இருந்து 1200 மீட்டருக்கு மேல, நுவரெலியா 1868 மீட்டர். மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து மேற்கு சரிவுல வந்து முட்டுது, வட்டவளைப் பக்கம் வருசத்துக்கு 5000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுது. துவைச்சுக் காயப்போட்ட பெட்சீட்டே மூனு நாள் ஈரமாக் கெடக்கிற லயத்துல போனுக்குள்ள இருக்கிற தண்ணி எங்க போகும்? தண்ணி ஆவியாகணும்னா சூடும் வேணும், காஞ்ச காத்தும் வேணும், இங்க ரெண்டும் இல்ல. கொழும்புல ஒரு நாள்ல காயிறது மஸ்கெலியாவுல மூனு நாலு நாள் எடுக்கும்னு நான் சொன்னா அது அளந்து பாத்த கணக்கு இல்ல, அனுபவத்துல சொல்றது. அதனால இணையத்துல "24 மணித்தியாலம் வைங்க, 48 மணித்தியாலம் வைங்க"ன்னு எழுதியிருக்கிறதை நம்ம ஊருக்கு அப்படியே எடுத்துக்காதீங்க, அது யாரோ வெயில் ஊர்ல இருக்கிறவங்க எழுதினது.

அடுப்புக்கு மேலங்கிற மாமாவோட யோசனை இங்க இருந்துதான் வருது, அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், எங்க வீடுகள்ல உண்மையிலேயே காஞ்ச இடம்னு ஒன்னு இருந்தா அது அடுப்புக்கு மேலதான். ஆனா லித்தியம் பெட்டரிக்கு சூடு ஆகாது, வீங்கும், மோசமாப் போனா தீப்பிடிக்கும். டிஸ்ப்ளேயை ஒட்டின பசை இளகும், புகைக் கரியும் உள்ள போகும். ஹேர் டிரையரும் அதே கதைதான், கூடவே அது காத்தை அழுத்தி தண்ணியை இன்னும் உள்ளுக்குத் தள்ளும். ஃபிரிட்ஜ்ல வைக்கிறதும் வேணாம், வெளிய எடுத்ததும் குளிர்ந்த போர்ட் மேல புதுசா வேர்த்துக்கும். காய வைக்கணும்னா சார்ஜிங் பின் கீழ பாக்கிற மாதிரி சாய்ச்சு வச்சு, மேசை ஃபேனை கொஞ்சம் தள்ளி வச்சு ஓட விடுங்க. சூடு இல்லாத காத்து, அவ்வளவுதான். சிலிக்கா ஜெல் பொட்டலம் காத்துப் போகாத டப்பாவுல நெறைய இருந்தா உதவும், ஆனா சப்பாத்துப் பெட்டியில இருந்து எடுத்த ஒன்னு ரெண்டு பொட்டலம் இங்க வர்றதுக்கு முன்னாலயே ஈரம் குடிச்சு முடிச்சிருக்கும்.

இன்னொன்னு, காயிறது வேற சுத்தமாகிறது வேற. தண்ணி ஆவியாப் போனாலும் அதுல கரைஞ்சிருந்த உப்பும் சவுக்காரமும் போர்ட் மேலயே தங்கிடும், கொழம்புச் சட்டியைக் கழுவாம காய வச்ச மாதிரி. அது பொறகு எங்க ஊரு பனியில, மூட்டத்துல திரும்பவும் ஈரம் உறிஞ்சும், திரும்பவும் அரிக்கும். "விழுந்து எடுத்தோம், நல்லாத்தான் இருந்துச்சு, ரெண்டு கிழமை கழிச்சு திடீர்னு செத்துருச்சு"ன்னு கொண்டு வர்ற போனைத் திறந்தா இதுதான் இருக்கும். அதனால உங்க போனை எத்தனை நாள் காய வச்சாலும் வேலை முடியாது, திறந்து கழுவியே ஆகணும்.

இப்போ உங்க போன்ல என்ன நடந்திருக்கும்? சார்ஜ் போட்டதும் ஒரு வைப்ரேட் வந்துச்சுன்னு எழுதினது எனக்கு நல்ல சேதி. போர்ட் முழுசாச் செத்திருந்தா அது கூட வராது, அப்போ பவர் ஐசியும் ப்ரொசெசரும் கொஞ்சமாவது முழிச்சிருக்கு, இது ஏறக்கொறைய நிச்சயம். வெளிச்சம் வராததுக்குக் காரணம் டிஸ்ப்ளே, அதோட கனெக்டர், இல்லன்னா டிஸ்ப்ளேக்குப் பின்னால இருந்து வெளிச்சம் குடுக்கிற பேக்லைட்டோட லைனா இருக்கலாம், இது என்னோட ஊகம். எல்சிடி போன்ல பேக்லைட்டுக்காக பெட்டரி வோல்ட்டை இருபது வோல்ட் பக்கத்துக்கு ஏத்தி அனுப்புவாங்க, அதிக வோல்ட் இருக்கிற லைன் ஈரத்துல சீக்கிரமா அரிச்சுப் போகும், அதனால தண்ணி கேஸ்ல வெளிச்சம் மொதல்ல போறது வழக்கம்தான். கடைக்காரர் போனை ஓன் பண்ணி, இருட்டுல ஒரு டோர்ச்சை சாய்வா ஸ்க்ரீன் மேல அடிச்சுப் பாத்தா மங்கலா படம் தெரியுதான்னு தெரிஞ்சிடும், தெரிஞ்சா பேக்லைட் மட்டும்தான் போயிருக்கு. வைப்ரேட் ஒரு தடவை வந்து நின்னுச்சா, இல்ல சில செக்கனுக்கு ஒரு தடவை வந்துக்கிட்டே இருந்துச்சா? நீங்க எழுதினது ஒரு தடவைன்னு. அம்மாகிட்ட நல்லாக் கேட்டுக்கோங்க, ஆனா மறுபடி சார்ஜ் போட்டுப் பாத்து சொல்லச் சொல்லாதீங்க. திரும்பத் திரும்ப வந்திருந்தா போன் ஓனாகப் பாத்து முடியாம ரீஸ்டார்ட் ஆகுது, அது டிஸ்ப்ளே கதை இல்ல, போர்ட்ல எங்கயோ ஷோர்ட் இருக்கு.

போனை டவுனுக்கு அனுப்புறதுக்கு முன்னால நீங்க கொழும்புல இருந்தே செய்யக்கூடிய வேலை ஒன்னு இருக்கு, அம்மாவோட ஜிமெயில்ல கூகுள் ஃபோட்டோஸ் திறந்து பாருங்க. பேக்கப் ஓன்ல இருந்திருந்தா படம் எல்லாம் அங்க இருக்கும், அம்மாவுக்கே தெரியாமக் கூட இருக்கும். என்ன கரச்சல்னா எங்க பக்கம் முக்கால்வாசிப் பேருக்கு தன்னோட ஜிமெயில் என்னன்னே தெரியாது, போன் வாங்கினப்போ கடைப் பொடியன் ஏதோ ஒரு பேர்ல உருவாக்கிக் குடுத்திருப்பான், பாஸ்வேர்ட் அவனுக்கும் ஞாபகம் இருக்காது. அதுக்குத்தான் சிம்மை வேற போன்ல போடச் சொன்னேன். கூகுள் சைன் இன் பக்கத்துல ஈமெயில் மறந்துட்டேன்னு குடுத்து, அம்மாவோட போன் நம்பரையும் அக்கவுண்ட்ல இருக்கிற பேரையும் அடிச்சா, அந்த நம்பர் அக்கவுண்டோட சேந்திருந்தா கோட் எஸ்எம்எஸ்ல வரும். வாட்ஸ்அப்பும் அப்படித்தான், அதே சிம், அதே ஜிமெயிலோட வேற போன்ல போடுறப்போ பழைய பேக்கப்பை எடுக்கவான்னு கேக்கும், அந்த இடத்துல அவசரத்துல ஸ்கிப் பண்ணிடாதீங்க, ஸ்கிப் பண்ணிட்டு புதுசா ஒரு பேக்கப் ஓடிருச்சுன்னா பழையது மேல அது ஏறிடும். சடங்குப் படம் சொந்தக்காரங்களுக்கு அனுப்பியிருந்தா அவங்க போன்லயும் கிடக்கும், வாட்ஸ்அப்ல சுருங்கின படம்தான், ஆனாலும் ஒன்னும் இல்லாததுக்கு அது எவ்வளவோ மேல்.

இது எதுலயும் இல்லன்னா போர்டை உசுப்பித்தான் ஆகணும். இங்க ஒரு விசயம் நிச்சயமா சொல்லலாம், சில பேர் "மெமரி ஐசியை மட்டும் கழட்டி படத்தை எடுத்துடலாம்"னு சொல்லுவாங்க, பழைய போனுக்கு அது சரியா இருந்துச்சு, இப்போ சரிவராது. 2019ல வந்த ஆண்ட்ராய்ட் 10 ஓடயும் அதுக்குப் பொறகும் வெளியான புது போன் எல்லாத்துலயும் உள்ள இருக்கிறது பூட்டுப் போட்டு குழப்பித்தான் எழுதியிருக்கும், அந்தப் பூட்டைத் திறக்கிற சாவி பாதி ப்ரொசெசர் பக்கம், பாதி உங்க அம்மா போடுற பின் நம்பர்ல. ஐசியைத் தனியாக் கழட்டினா குப்பை மாதிரி எழுத்துதான் கிடைக்கும். ஐபோனும் அப்படித்தான். அதனால அதே போர்ட் ஒரு பத்து நிமிசமாவது உசிரோட எழும்பணும், பின் நம்பர் போட்டுத் திறக்கணும், அதுக்கு வேற வழி இல்ல. போனை ஓன் பண்ணின ஒடனே கைரேகை வேலை செய்யாது, பின் இல்லன்னா பேட்டர்ன் கட்டாயம் கேக்கும், அம்மாகிட்ட கேட்டு ஒரு தாள்ல எழுதி போனோட குடுத்து அனுப்புங்க.

கடை தேடுறப்போ போர்ட் லெவல்ல வேலை செய்யிற கடையாப் பாருங்க, மேல கிளாஸ் மாத்துற கடை எல்லாம் இதுக்குச் சரிவராது. மைக்ரோஸ்கோப் மேசையில இருக்கான்னு பாத்தாலே பாதி தெரிஞ்சிடும். ஒழுங்கா வேலை தெரிஞ்சவர் மொதல்ல பெட்டரி கனெக்டரைத்தான் பிரிப்பார். போர்டை வெளிய எடுத்து, கேமரா ஸ்பீக்கர் எல்லாத்தையும் தனியா வச்சு, ஐசிக்கு மேல இருக்கிற தகர மூடியைக் கழட்டி, 99 வீத ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் போட்டு மெல்லிய பிரஷ்ஷால கழுவுவார், அல்ட்ரசொனிக் மெசின் இருந்தா அதுலயும் போடுவார். மூடியைக் கழட்டாம மேலால பிரஷ் போட்டு ஹொட் எயார் அடிச்சுக் குடுத்தா அது கண் தொடைப்பு. பொறகு பவர் சப்ளையில வச்சு எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு பாப்பார், ஓன் பட்டனை அமத்துறதுக்கு முன்னாலயே கரண்ட் இழுத்தா எங்கயோ ஷோர்ட், போர்ட்ல இருக்கிற கெப்பாசிட்டர்ங்கிற குட்டிப் பாகங்கள்ல எது சூடாகுதுன்னு தேடணும். அதுக்கு தெர்மல் கேமரா இருந்தா சுலபம், இல்லன்னா ரோசின்ங்கிற பிசினைச் சூடாக்கி வர்ற புகையைப் பிடிச்சு வெள்ளையாப் படிய வச்சா சூடாகிற இடத்துல மட்டும் அது உருகிக் காட்டிக் குடுக்கும். அரைக்கடுகு அளவு கெப்பாசிட்டர் ஒன்னை எடுத்துப் போட்டதும் செத்த போன் எழும்புறது இந்தத் தொழில்ல கிடைக்கிற ஒரு சந்தோசம், அதை ஒளிச்சு வைக்க மாட்டேன்.

கடையில வாய் திறந்து சொல்ல வேண்டிய வசனம் ஒன்னு இருக்கு: "எனக்கு போன் வேணாம், படம் வேணும், சொஃப்ட்வெயார் போட்டுடாதீங்க." இதைச் சொல்லாம விட்டா, போன் ஓனாகி லோகோவுல நின்னா ஒடனே ஃப்ளாஷ் பண்ணிடுவாங்க, அதாவது சொஃப்ட்வெயாரை புதுசா ஏத்திடுவாங்க, போன் நல்லா ஓடும், உள்ள ஒன்னுமே இருக்காது. கெட்ட எண்ணத்துல இல்ல, கஸ்டமர் கேக்கிறது ஓடுற போன்னு அவங்க நினைச்சுக்கிறாங்க. டிஸ்ப்ளே மட்டும்தான் போயிருக்குன்னா புதுசு வாங்கத் தேவையில்ல, அதே மாடல் டிஸ்ப்ளே ஒன்னை சும்மா சொருகி பின் அடிச்சுத் திறந்து படத்தை எடுத்துட்டு கழட்டிடலாம். வெளிச்சம் வந்து டச் மட்டும் வேலை செய்யலன்னா ஓடிஜி கேபிள்ல கம்பியூட்டர் மவுஸைச் சொருகினா அம்புக்குறி வரும், அதுலயே பின் அடிக்கலாம், ஆனா சார்ஜிங் பின் நல்லா இருக்கணும். போர்ட் நல்லா இருந்து சார்ஜிங் பின், டிஸ்ப்ளே எல்லாமே போயிருந்தா அதே மாடல்ல ஒரு உடைஞ்ச போன் தேடி அம்மாவோட போர்டை அதுக்குள்ள மாத்திப் போட்டா போதும், பூட்டு போர்ட்லதான் இருக்கு, அம்மாவோட பின் அப்படியே ஏத்துக்கும். காசு விசயத்தை முன்னாலயே பேசிக்கோங்க, பாக்கிறதுக்கு எவ்வளவு, படம் வந்தா எவ்வளவு, வரலன்னா எவ்வளவுன்னு. திறந்து பாக்கிறதுக்கு முன்னாலயே முழுத் தொகையும் கேக்கிற இடத்துல இருந்து மெதுவா எழும்பி வந்துடுங்க.

வீட்டுல நீங்களே திறக்கலாமான்னு கேட்டா, பின் மூடி கழட்டி பெட்டரி எடுக்கிற பழைய போனுக்கு தாராளமா செய்யுங்க. பசை போட்ட போனுக்கு வேணாம், பெட்டரியை நெம்புறப்போ ஓட்டை விழுந்தா அது புகைஞ்சு எரியும். ஹேண்ட் சானிடைசரை உள்ள ஊத்தினவங்களும் என்கிட்ட வந்திருக்காங்க, அதுல தண்ணியும் கிளிசரினும் கலந்திருக்கு, பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு கழுவுறது ரெட்டிப்பு வேலையாகிடும். தின்னரும் பெற்றோலும் பிளாஸ்டிக்கை உருக்கும்.

வோட்டர் ப்ரூஃப் போன்னா பயமில்லையான்னு நீங்க கேக்கல, ஆனா இதை வாசிக்கிற யாராவது கேப்பாங்க, அதனால சொல்றேன். போன் தண்ணி, தூசியை எவ்வளவு தாங்கும்னு சொல்ற குறியீடுதான் ஐபி, ஐபி67ன்னா 1 மீட்டர் ஆழத்துல 30 நிமிசம், ஐபி68ன்னா அதுக்கு மேல கம்பனி சொல்ற ஆழம், ஐபோன் 12க்கு 6 மீட்டர் 30 நிமிசம்னு சொன்னாங்க. அதெல்லாம் புது போனை நல்ல தண்ணியில வச்சுப் பாத்த கணக்கு. ரப்பரும் பசையும் வருசம் போகப் போக காஞ்சிடும், ஒரு தடவை டிஸ்ப்ளே மாத்தின போன்ல அந்தப் பாதுகாப்பை நம்பவே நம்பாதீங்க. அவுஸ்திரேலியாவுல சம்சுங்கோட அந்த நாட்டுக் கம்பனிக்கு 2022ல நீதிமன்றம் 14 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் போட்டுச்சு, நீச்சல் குளத்துல கடல்ல எல்லாம் பாவிக்கலாம்ங்கிற மாதிரி விளம்பரம் பண்ணினதுக்கு. அந்த போன்கள்ல பிரச்சினை எங்க வந்துச்சுன்னா, ஈரத்தோட சார்ஜ் போட்டா சார்ஜிங் பின் அரிச்சுப் போச்சு. திரும்பவும் அதே சார்ஜர் கதைதான். வாரன்டியையும் நம்பாதீங்க, சிம் தட்டு ஓட்டைக்குள்ள வெள்ளை ஸ்டிக்கர் ஒன்னு வச்சிருப்பாங்க, தண்ணி பட்டா செவந்துடும், அதைப் பாத்ததும் வாரன்டி இல்லன்னு கையை விரிச்சிடுவாங்க.

விழுந்த ஒடனே என்ன செய்யணும்னு மத்தவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. எடுத்ததும் நல்லா இருக்கான்னு கோல் எடுத்துப் பாக்காதீங்க, ஓஃப் பண்ணுங்க, பல புது போன்ல பவரையும் வொலியூம் கூட்டுற பட்டனையும் சேத்து அமத்தினாத்தான் ஓஃப் பண்ணுற மெனு வரும். கவரைக் கழட்டி, சிம் தட்டை எடுத்து, பருத்தித் துணியால தொடைச்சு, சார்ஜிங் பின் கீழ பாக்கிற மாதிரி பிடிச்சு உள்ளங்கையில மெதுவாத் தட்டுங்க, உதறாதீங்க, உதறினா போகாத இடத்துக்கும் தண்ணி போயிடும். பெட்டரி கழட்ட முடிஞ்சா கழட்டுங்க, முடியாதுன்னா காயிறதுக்குக் காத்திருக்காம அன்னைக்கே கடைக்குக் கொண்டு போங்க. சீனி போட்ட பிளேன்டீ, உரம் கரைச்ச தண்ணி மாதிரி ஏதாவதுன்னா அவசரம் இன்னும் கூட, சீனி ஒட்டிக்கும், உரத்துல உப்பு அதிகம். மழையில மலைக்குப் போயிட்டு வந்து சார்ஜ் போட்டா ஈரம் இருக்குன்னு போன் எச்சரிக்கை காட்டினா அதை அமத்தித் தள்ளிட்டு சார்ஜ் போடாதீங்க, தீக்குச்சி, பஞ்சு எதையும் உள்ள விடாதீங்க, ஃபேன் காத்துல வச்சா போயிடும். நல்லாக் காஞ்ச பொறகும் ஒவ்வொரு நாளும் அதே எச்சரிக்கை வந்தா சார்ஜிங் பின் அரிச்சிருக்கு, மாத்தணும்.

உங்க விசயத்துக்கு, போன் நாளைக்கே ஹட்டன், இல்ல நல்ல கடை தெரிஞ்சா தலவாக்கலைக்குப் போகட்டும். கழுவி எழுப்பினதும் மொத வேலையா சடங்குப் படத்தை ரெண்டு இடத்துக்கு கொப்பி பண்ணச் சொல்லுங்க, வாட்ஸ்அப் பாக்கிறது கோல் எடுத்துப் பாக்கிறது எல்லாம் அதுக்குப் பொறகு. போன் தொடர்ந்து ஓடினாலும் அதை அம்மாவோட முக்கியமான போனா வச்சுக்காதீங்க, ஐசிக்கு அடியில மிச்சமிருக்கிற அரிப்பு எப்ப வேலையைக் காட்டும்னு யாராலயும் சொல்ல முடியாது. தண்ணி குடிச்ச பெட்டரியை மாத்திடுங்க, பழையதை லயத்துக்குப் பின்னால குப்பையோட போட்டுக் கொளுத்திடாம கடையிலயே குடுத்துட்டு வரச் சொல்லுங்க. மாடல் நம்பர் தெரிஞ்சா எழுதுங்க, அதோட டிஸ்ப்ளே எல்சிடி வகையா அமோலெட் வகையா, படம் எடுக்க டிஸ்ப்ளே எது பொருந்தும்னு பாத்துச் சொல்றேன்.